ஆறுகள் போய்ச் சேரும் தீவுகள்

பாலசமுத்திரத்தில் தை பிறந்த பிறகும் ஐப்பசி வெள்ளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணாபுரம் அணையில் மதகைத் தூக்கினால் கொசஸ்தலையில் தண்ணீர் வரும். பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் முழுகும். பால்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஊர் இருப்பது சித்தூர் மாவட்டத்தில், பக்கத்திலேயே தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம். டீக்கடையில் தெலுங்கில் தொடங்கும் பேச்சு தமிழில் முடிகிறது. கரும்பு, வேர்க்கடலை, வரிசை வரிசையாகப் பெங்களூரா மாமரங்கள். இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "பூண்டிக்கு" என்றார். அதற்கப்புறம்? "அதுக்கப்புறம் அது மெட்ராசுக்காரங்க பாடு சார்."

கொசஸ்தலை எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அதற்கு வடக்கே ஓடும் ஆரணியாறும், இன்னும் வடக்கே காளங்கியும் நேராகக் கடலுக்குப் போவதில்லை. இரண்டும் பழவேற்காடு ஏரியில் இறங்குகின்றன. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி அதுதான். தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், பல இடங்களில் இடுப்பு நனையாது. அந்த ஆழமில்லாத தண்ணீருக்குள் ஊர்கள் இருக்கின்றன: இருக்கம், வேனாடு, இன்னும் சில சின்னத் திட்டுகள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது நெல்லூர் மாவட்டத்திலிருந்த இந்தத் தீவுகள் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. ஏழுமலையானின் மாவட்டத்துக்கு இப்போது கடலும் இருக்கிறது, தீவும் இருக்கிறது. மலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் பழகவில்லை என்று நினைக்கிறேன். திருப்பதியில் நான் பேசிய இருவர் இருக்கம் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

கீழ்நோக்கிப் போகிற வழியில் இரண்டு கோயில்கள். நாகலாபுரத்தில் வேதநாராயணர், மச்சாவதாரக் கோலம். அந்த ஊரைக் கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்தார் என்பார்கள். பங்குனி வாக்கில் சில நாள் சாயங்கால வெயில் நேராகக் கருவறைக்குள் போய் மூலவர்மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த நாட்களில் கூட்டம் தாங்காது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சைக் குடித்த சிவன் மயங்கி, பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். லிங்கமாக இல்லாமல் மனித உருவில் சயனக்கோலத்தில் சிவனைப் பார்ப்பது அபூர்வம். ஒரு கோயிலில் கடலுக்குள் மீனாகப் போன தெய்வம், அடுத்ததில் கடல் கக்கிய விஷத்தைக் குடித்த தெய்வம். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, மலையடிவாரத்து விவசாயிகள் கடலின் கதைகளைக் கல்லில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆற்றைக் கேட்டால் ஒருவேளை காரணம் சொல்லும். ஆனால் ஆற்றில் மணலைத்தான் பார்த்தேன். பிச்சாட்டூர் அணை தேக்கியது போக மீதிதான் கீழே வருகிறது. அதுவும் மழைக்காலத்தில் மட்டும்.

சத்தியவேடு தாண்டினால் ஸ்ரீசிட்டி. 2008-இல் தொடங்கிய தொழில்நகரம். ஜப்பானிய, கொரியப் பெயர்ப்பலகைகள், அளந்து வைத்த புல்வெளிகள், ஷிப்டு முடிந்து இறங்கும் நீலச் சீருடைப் பெண்கள். அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஏரியோரக் கிராமங்களில் வலையை விட்ட பிள்ளைகள் பலர் இங்கேதான் வேலைக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

சூலூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மா கோயில். இரவும் பகலும் கதவைச் சாத்துவதில்லை என்பது ஊர்வழக்கு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முன்பும் அப்படி வந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. அம்மன் எல்லைத் தெய்வம், அவள் எல்லையைத் தாண்டித்தான் தீவுக்குப் போக வேண்டும். அனுமதி கேட்டுவிட்டுப் போவது பழைய மரியாதை.

தீவுக்கு முன் பறவைகளைப் பார்த்துவிடலாம் என்று வடக்கே திரும்பினேன். நேலப்பட்டு ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் கூழைக்கடாக்கள். பெரிய பறவை, இறங்கும்போது மரமே ஒருபக்கம் சாய்கிறது. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், இராக்கொக்கு எல்லாம் மாடி வீட்டுக் குடித்தனக்காரர்கள்போல் ஆளுக்கொரு தளம் பிடித்திருந்தன. 1976-இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தொடமாட்டார்கள். காரணம் கருணை மட்டுமில்லை. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் போட வேண்டியதில்லை. வேடந்தாங்கலில் கேட்ட அதே கணக்கு. பக்கத்து வேடுருபட்டில் சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. துணி காயப்போட்டிருந்த பெண் ஒருத்தி மேலே பார்த்து ஏதோ திட்டினாள். எச்சம் பட்ட புடவையை எடுத்து மறுபடி அலசப் போனாள். விரட்டவில்லை.

கூழைக்கடா குஞ்சுக்கு மீன் எடுக்கப் போவது பழவேற்காடு ஏரிக்கு. கூடு நல்ல தண்ணீரில், சாப்பாடு உப்புத் தண்ணீரில். ஏரியில் மீன் குறைந்தால் நேலப்பட்டில் குஞ்சு சாகும். ஏரிக்கு நல்ல தண்ணீர் வராவிட்டால் மீன் குறையும். பாலசமுத்திரத்துப் பெரியவரின் ஆறு வேறு, ஆனாலும் அவருடைய "அதுக்கப்புறம்" இங்கே வரை நீள்கிறது.

ஏரியின் வடகோடிக்குப் போனால் துகராஜப்பட்டினம். இன்று பார்த்தால் மணலும் முள்ளும் சில மீனவக் குடியிருப்புகளும். இங்கேதான் 1626 வாக்கில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பண்டகசாலை வைத்துப் பீரங்கியும் நிறுத்தியது. உதவி செய்த ஆறுமுக முதலியார் என்ற உள்ளூர்க்காரரின் பெயரைச் சிதைத்து இடத்துக்கு ஆர்மகான் என்று பெயரிட்டார்கள். வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. தெற்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் நெருக்கினார்கள், உள்ளூர் நாயக்கரின் தொல்லை வேறு. பண்டகசாலைத் தலைவர் பிரான்சிஸ் டே வேறிடம் தேடி 1639-இல் மதராசப்பட்டினத்து மணற்பரப்பைப் பிடித்தார். துணி அங்கே மலிவு என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்ததுதான் உண்மைக் காரணம் என்று அக்காலத்திலேயே வம்பு பேசினார்கள். எப்படியோ, அடுத்த ஆண்டு ஆர்மகானை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சென்னையின் பிறப்புக் கதையில் இந்த ஊர் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. 2013 வாக்கில் மத்திய அரசு இங்கே பெரிய துறைமுகம் கட்டப்போவதாகச் சொன்னது. ஒருபக்கம் ராக்கெட் தளம், ஒருபக்கம் பறவைச் சரணாலயம் என்று அப்போது பேச்சு அடங்கிவிட்டது. அந்த மணலில் நின்றபோது எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரு பெருநகரம் பிறக்காமல் போன இடத்தில் நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை வெட்டிக்கொண்டு ஒரு சாலை போகிறது. இருபக்கமும் தண்ணீர், நடுவில் தார். தை மாதத்தில் அந்தச் சாலையில் நிற்பது ஒரு பாக்கியம். தொலைவில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரியும், கண்ணைச் சுருக்கினால் அது பூநாரைகள். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றை உறிஞ்சி, வேண்டியதை வடிகட்டி வைத்துக்கொள்ளும் பறவை. சிவப்பு நிறம் அது தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் இருந்து வருகிறது. முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் பாலையில், இங்கே வருவது உணவுக்கு. 2001 முதல் சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடத்துகிறார்கள். மேடை, ஒலிபெருக்கி, சினிமாப் பாட்டு எல்லாம் உண்டு. பறவைகள் அதைப்பற்றி என்ன நினைக்கின்றன என்று தெரியாது.

நான் நின்ற அதே சாலைதான் ஏரியின் சிக்கலும். தூண்மேல் போகும் பாலமாக இல்லாமல் பெரும்பாலும் மண்கரையாகவே போட்டுவிட்டார்கள், அங்கங்கே மதகு. தெற்கிலிருந்து அலையேற்றத் தண்ணீர் வடக்கே போகத் தடை. வடக்கு முகத்துவாரம் ராயதொருவில் மணல் மூடிக்கொண்டால் வடபாதிக்குக் கடலும் கிடையாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் சாலைக்கு வடக்கே தேங்கும் தண்ணீர் அதையும் தாண்டிக் கரிக்கும், பிறகு வற்றும், பிறகு வெறும் வெள்ளைப் பொருக்குத் தரை. அட்டகானிதிப்பா பக்கம் வைகாசியில் ஏரிக்குள் மோட்டார்சைக்கிள் ஓட்டலாம் என்று ஒரு இளைஞர் பெருமையாகச் சொன்னார். அவருடைய தாத்தா அதே இடத்தில் மடவை பிடித்தவர்.

சாலை முடியும் இடத்தில் வாயிற்கதவு, துப்பாக்கியுடன் காவலர். ராக்கெட் ஏவும் நாளில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க 2019-இல் மாடம் திறந்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் அனுமதிச்சீட்டு இல்லாதவனுக்கு ஸ்ரீஹரிகோட்டா என்பது ஒரு கதவும் அதற்குப் பின்னால் தெரியும் பச்சையும்தான். 1969-இல் விக்ரம் சாராபாய் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கிழக்கே திறந்த கடல், ஏறத்தாழ ஆளில்லாத நிலம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் இந்த அட்சரேகையில் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சாராபாய் மறைந்தார். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18-இல் மேலே போனது. கதையின் இந்தப் பகுதி பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. தென்துருவம் நோக்கி ஏவும்போது இலங்கைக்கு மேலே போகாமல் வளைய வேண்டியிருப்பதால்தான் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு தளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

"ஏறத்தாழ ஆளில்லாத" என்று எழுதினேன். அந்த "ஏறத்தாழ"வுக்குள் ஏனாதிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் இருளர் எப்படியோ, இந்தப் பக்கம் அப்படி ஏனாதிகள். தேன், பிரம்பு, நன்னாரி, கிழங்கு, மீன் என்று தீவுக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள். 1835-இல் கம்பெனி அரசு தீவை எடுத்துக்கொண்டது, சென்னைக்கு விறகு வேண்டும் என்று. காட்டுப் பொருள்களைச் சேகரித்துக் கொடுப்பது ஏனாதிகளின் வேலையாயிற்று, கூலி தானியமாக. அவர்கள் தோண்டிய பொருள்களில் ஒன்று சாயவேர். சோழமண்டலத் துணிகளின் அழுத்தமான சிவப்பு இந்தக் கரையோர மணலில் வளரும் அந்த மெல்லிய வேரிலிருந்து வந்தது. விறகு படகேறி பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தெற்கே பேசின்பிரிட்ஜ் வரை போயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சென்னை வீடுகளில் சோறு பொங்கியதற்கு இந்தத் தீவும் ஒரு காரணம். பிறகு மின்சாரமும் மண்ணெண்ணெயும் வந்தன, கால்வாய் தூர்ந்தது, விறகுக்குப் பதிலாக வானம் வேண்டும் என்று அடுத்த அரசு வந்து கேட்டது.

ஏனாதிகளையும் கரையோர மீனவர்களையும் இடம் மாற்றினார்கள். சில ஏனாதிக் குடும்பங்கள் தீவுக்குள்ளேயே குடியிருப்புகளில் இருக்கின்றன, விண்வெளி மையத்தில் தோட்ட வேலை, துப்புரவு வேலை. தீவின் பரப்பு 43,000 ஏக்கருக்கு மேல். அதில் ஏவுதளமும் கட்டடங்களும் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் காடு. கிழக்குக் கரையில் எங்குமே சிறு துண்டுகளாகச் சிதைந்துவிட்ட உலர் பசுமைமாறாக் காடு இங்கே பெரிய பரப்பாக மிஞ்சியிருக்கிறது. தேவாங்கு இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டு மாடுகளாகிப்போன நாட்டு மாடுகள் திரிகின்றன. வேலி போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் இறால் பண்ணையும் ரிசார்ட்டுமாக ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காட்டைக் காப்பாற்றிய வேலி, அந்தக் காட்டின் ஒவ்வொரு வேரையும் பெயர் சொல்லி அழைத்தவர்களை வெளியே நிறுத்தியது. இந்த இரண்டில் எதைப் பெரிதாகச் சொல்வது என்று தீர்மானிக்க முடியாமல்தான் அந்த வாயிலிலிருந்து திரும்பினேன்.

வேனாடு ஏரிக்குள் கிடக்கிறது. அங்கே ஒரு தர்கா. சந்தனக்கூடு நாளில் இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள், அதில் பாதிக்கு மேல் இந்துக்கள். நான் போனது சாதாரண நாள். பச்சைத் துணி போர்த்திய அடக்கத்தலம், ஊதுபத்தி வாசம், வெளியே வேப்பமர நிழலில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வலையில் விழுந்த நல்ல மீனை விற்ற காசில் கொஞ்சம் இங்கே வந்துவிடும் என்று காப்பாளர் சொன்னார். சாதி மதம் பார்த்தா வலையில் மீன் விழுகிறது என்றும் கேட்டார். மற்றபடி வேனாடு அமைதியான ஊர், அதைப்பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இருக்கம் அப்படியில்லை. தடாவுக்குப் பக்கத்திலுள்ள பீமுனிவாரிபாளையம் துறையில் படகேறும்போதே அது தெரிந்துவிட்டது. படகில் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், இரண்டு ஆடு, ஒரு மோட்டார்சைக்கிள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த ஓர் ஆசிரியை, அவருக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்த அரை டஜன் பெண்கள். பேச்சு முழுக்கத் தமிழ். படகுக்காரர் பாதி வழியில் இன்ஜினை நிறுத்திவிட்டு மூங்கில் கழியை எடுத்தார். ஆழமில்லை, விசிறி சேற்றில் மாட்டிக்கொள்ளும். கழி ஊன்றிய இடத்தில் கரும்சேறு கலங்கி மேலே வந்தது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து தள்ளும் வண்டல். ஏரி ஆண்டுக்காண்டு மேடாகிறது என்பதற்கு அந்தக் கழியைவிட நல்ல அளவுகோல் இல்லை. "எங்கப்பா காலத்துல இந்த எடத்துல கழி எட்டாது" என்றார்.

இருக்கத்து மக்கள் ஆந்திர வாக்காளர்கள். ரேஷன் அட்டை தெலுங்கில், அரசு அறிவிப்புகள் தெலுங்கில். கல்யாணப் பத்திரிகை தமிழில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் தெற்கே, ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம், பழவேற்காட்டுப் பக்கம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோதும் அதற்குப் பின் எல்லைகளைத் திருத்தியபோதும் காகிதத்தில் போட்ட கோடு தண்ணீருக்கு மேலே போயிற்று. மீன் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை, வலையும் பார்க்காது, அதனால்தான் அவ்வப்போது இரு மாநில மீனவர்களுக்குள்ளும் அடிதடி. இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஆந்திரக் கரையில் நெல்லூரையும் தாண்டி வடக்கே வாழும் பட்டபு மீனவர்கள் இன்றும் வீட்டுக்குள் பேசுவது தமிழைச் சேர்ந்த ஒரு பேச்சு. பட்டினவர் என்ற தமிழ் மீனவச் சாதியின் வடக்குக் கிளை அவர்கள். கடற்கரையில் நடந்து பார்த்தால் தமிழ் எங்கே முடிகிறது என்று சொல்வது எளிதில்லை.

தீவில் பனையும் தென்னையும் சீமைக்கருவேலமும், நடுவே கொஞ்சம் நெல்வயல். நல்ல தண்ணீர் மணல்மேட்டில் தோண்டினால் கிடைக்கிறது, மழைநீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்குமேல் மிதந்து நிற்கும். அதிக ஆழம் தோண்டினால் கெட்டது, உப்பு ஏறிவிடும். அதனால் கிணறுகள் எல்லாம் சின்னவை, பெண்கள் குனிந்தே மொண்டுவிடுகிறார்கள். திண்ணையில் காய்ந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னை உட்காரச் சொன்னார்.

"எந்த ஊரு நைனா?"

சொன்னேன்.

"பாலம் வுடறதப் பத்தி எழுத வந்தியா?"

இல்லை ஆயா, சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

"அப்ப அதையும் எழுதிக்கினு போ. ராத்திரியில வயித்துவலின்னு ஒருத்தி துடிச்சா, படகுக்காரன எழுப்பணும், காத்து பாக்கணும், அக்கரைக்குப் போயி வண்டி புடிக்கணும். எலிக்சனுக்கு எலிக்சன் வர்றான், பாலம் வருதுன்றான்."

எனக்கு அவரிடம் ஸ்ரீஹரிகோட்டாச் சாலையின் மண்கரை பற்றியும் நீரோட்டம் பற்றியும் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இடுப்புவலி எடுத்த பெண்ணைப் படகில் ஏற்றிப் பார்த்திராத ஒருவன், அதைப் பார்த்தவரிடம் சூழலியல் பேசக் கூடாது. ஆனால் எழுதும்போது சொல்லலாம்: இருக்கத்துக்குப் பாலம் வேண்டும், அது தூண்மேல் நிற்கும் பாலமாக இருக்க வேண்டும். மண் கொட்டிச் சாலை போடுவது மலிவு, அந்த மலிவின் விலையை வடபாதி ஏரி ஐம்பது ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. படகின் ஆபத்தும் கற்பனையில்லை. 2011 டிசம்பர் 25 அன்று தெற்கே பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

பழவேற்காட்டு ஊருக்குள் நுழையும்போது வரலாறு வாசலிலேயே எலும்புக்கூடாக நிற்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவுத் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே மண்டையோடு, மணற்கடிகை, குலச்சின்னங்கள் பொறித்த பலகைக்கற்கள். வேப்பமரத்து அணில் ஒன்று யாரோ ஒரு வணிகரின் பெயர்மேல் உட்கார்ந்து கொட்டை உடைத்தது. சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் 1610-இல் டச்சுக்காரர்களுக்கு இங்கே வியாபாரம் செய்ய அனுமதி தந்தார். 1612-இல் போர்த்துகீசியர் தாக்க, 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். ஏனாதிகள் தோண்டிய சாயவேரின் சிவப்பேறிய துணி இங்கிருந்து கப்பலேறி ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் போயிற்று, பதிலுக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் வந்தன. மேட்டு நிலத்து அரசன் ஒரு கையெழுத்துப் போட்டான், கடலோரம் இருநூறு ஆண்டு மாறிப்போயிற்று. 1639-இல் சென்னையும் இப்படித்தான், சந்திரகிரி அரசுக்கு அடங்கிய நாயக்கரின் கையெழுத்தில்.

துணி மட்டும் போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இந்தத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக ஜாவாவிலுள்ள படேவியாவுக்கு ஏற்றினார்கள். தந்தையும் தாயும் பிள்ளைகளை விற்ற பஞ்சங்கள் அவை. கோட்டை 1800-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கையில் தரைமட்டமானது. இப்போது அந்த இடத்தில் முள்ளும் அகழியின் தடமும்தான். கல்லறைக்குக் காவலாளி உண்டு, கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. ஊருக்குள் முஸ்லிம் வீடுகளின் தாழ்வாரத்தில் பெண்கள் பனையோலைக் கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். விலையைக் கேட்டதும் அம்மா ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்ன தொகை, சென்னைக் கடையில் அதே கூடைக்கு நான் பார்த்த விலையில் கால்வாசி.

கடைசியாக முகத்துவாரம். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் தென்முனைக்கும் பழவேற்காட்டுக் கரைக்கும் நடுவே ஏரி கடலைச் சந்திக்கும் இடம். இறால் கடலில் முட்டையிடும், அதன் குஞ்சு அலையேற்றத்தில் ஏரிக்குள் வந்து வளரும், வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில் மீனவர்கள் கழி நட்டுச் சுத்துவலை கட்டுகிறார்கள். முகத்துவாரம் அடைபட்டால் உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. கடல் மணலைத் தள்ளுகிறது. அதைத் திருப்பித் தள்ள ஆற்று வெள்ளத்துக்கு வலுவில்லை, மேலே ஒவ்வோர் அணையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றுவிட்டது. அதனால் இப்போது இயந்திரம் தோண்டுகிறது, கல்சுவர் கட்டுகிறார்கள்.

இங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இறால் விழும் இடங்கள் சிலதான். அவற்றை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு பங்கு. இன்று எனக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை உனக்கு. அரசுச் சட்டம் எதுவும் இதை எழுதவில்லை, ஊர்க் கூட்டம் நடத்துகிறது, சண்டையும் அங்கேயே தீர்கிறது. இதைப் புகழ்ந்து வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சிக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்: பாடு பட்டினவர்களுக்குத்தான். இருளர்களுக்குப் பங்கில்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, ஒவ்வொரு இறாலாகப் பிடித்து, கழுத்தில் தொங்கும் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற அவர்கள் விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மீனவத் தலைவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "அவங்க கையால புடிக்கறத யாரும் தடுக்கறதில்ல சார்" என்றார். தடுக்காமல் இருப்பதற்கும் பங்கு தருவதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது, அதை அவர் அறியாதவரில்லை.

ராக்கெட் நாட்களைப் பற்றியும் கேட்டேன். ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், போவதில்லை. மேலே போவதைக் கரையில் நின்று பார்ப்பார்கள், பிள்ளைகள் கைதட்டும். "எத்தினியோ வாட்டி பாத்தாச்சு. ஒருநாள் வரும்படி போச்சு, அவ்ளோதான்." பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டு, சந்திரயான் போனபோது தானே அழுதுவிட்டதாகச் சொன்னார். இருவரும் அதைப்பற்றி வாக்குவாதம் தொடங்கிவிட்டார்கள்.

வலை கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தலைவர் வானத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையிலிருந்து பஞ்சாங்கம் போட்ட சின்ன டைரியை எடுத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு அஷ்டமி சார். நாளைக்கு நவமி. தண்ணி இழுக்காது, வலை கட்டிப் பிரயோஜனமில்ல. அமாவாசைக்கு வாங்க, எங்க பங்காளிங்க பாடு வருது, இட்டுக்கினு போறேன்."